அமத்திட்டேன், அக்கா

ஒரு புத்தகத்தை நான் தெரிந்தே கெடுத்திருக்கிறேன். தமிழ் கற்கும் வெளிநாட்டு மாணவர்களுக்காக எழுதப்பட்ட பாடநூல் அது. கொடைக்கானல் மலையின் பேச்சுத்தமிழைச் சொல்லித்தரும் ஒரே நூல் என்று பின்னட்டையில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். இப்போது நான் வத்தலக்குண்டில், வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு ஜெர்மன் கற்பிக்கிறேன். வகுப்பில் யாராவது ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவேன். அப்படிப்பட்ட நான்தான் அதைச் செய்தேன். இன்றுவரை வருந்தவில்லை.

அந்த நூலை எழுதியவளை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். இன்று அவள் பேராசிரியை, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நேரில் எப்போதும் 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். எழுத்தில் அந்த மரியாதையைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் கொடைக்கானலுக்கு வந்தாள். ஜெர்மனியில் மொழியியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. ஓராண்டு இங்கே தங்கிப் பேச்சுத்தமிழ் கற்பது அவள் படிப்பில் ஒரு பகுதி. ஏரிக்கு மேலே இருந்த பழைய பங்களா ஒன்றில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தாள். அந்தப் பங்களாவில் அம்மாதான் சமையல், துப்புரவு எல்லாம். எங்கள் ஊரான பேத்துப்பாறையிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் போய், சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். அம்மா கேரட் நறுக்குவார், மலைப்பூண்டு உரிப்பார், பாத்திரம் தேய்ப்பார். அவள் அடுப்படியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு பதிவுக் கருவி. ஓடும்போது அதில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரியும். அம்மா அதைப் 'பெட்டி' என்பார்.

ஆறு மாதத்தில் அவள் எங்கள் ஊர்க்காரியைப் போலவே பேச ஆரம்பித்தாள். லகரமும் ளகரமும் மட்டும் அவளுக்கு ஒன்றாகத்தான் ஒலிக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், "என்னண்ணே, பீன்ஸு இப்பிடி வதங்கிப் போய்க் கெடக்கு?" என்று அவள் கேட்டால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அம்மாவை 'அக்கா' என்பாள். அம்மா அவளைத் 'தங்கச்சி' என்பார், 'நீ, வா, போ' என்றுதான் பேசுவார். எனக்கு அவள் ஜெர்மனில் நூறு வரை எண்ணக் கற்றுக்கொடுத்தாள். அவள் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் அம்மா அழுதார். நான் அதைவிட அதிகமாக அழுதேன். இரண்டு வருடம் அஞ்சலட்டைகள் வந்தன. பிறகு நின்றுவிட்டன.

நான் ஜெர்மன் படித்தது அவளால்தான். திண்டுக்கல்லில் இளங்கலை, ஹைதராபாத்தில் ஜெர்மன் முதுகலை. முதுகலையில் ஓராண்டு ஜெர்மனியில் போய்ப் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. மூன்று பல்கலைக்கழகங்களின் பெயரைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார்கள். அவள் வேலை பார்த்த பல்கலைக்கழகம் எது என்று முன்பே தேடி வைத்திருந்தேன். அதைக் காட்டினேன்.

அம்மாவுக்குச் சொன்னபோது, "அங்கதான் நம்ம தங்கச்சி இருக்காளா? நான் கேட்டேன்னு சொல்லு பாப்பா. அவளுக்குச் சோறு ஆக்கத் தெரியாது. நீ போனா எதாச்சும் வாய்க்கு ருசியா ஆக்கிப் போடு," என்றார். பையில் மலைப்பூண்டும் காய்ந்த மிளகாயும் வைத்துத் தைத்தார்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவள் அறைக் கதவைத் தட்டினேன். யார் என்று சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அக்கா மகளா! ஆத்தாடி, எம்புட்டு வளந்துட்ட! வெரசா உள்ள வா, குளுருது," என்று கட்டிக்கொண்டாள். அது அம்மாவின் தமிழ். அம்மா மூச்சு விடும் இடத்தில்தான் அவளும் மூச்சு விட்டாள். வந்து இறங்கியதிலிருந்து வாயைத் திறக்க ஆளில்லாமல் இருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் பழைய குளிர்கோட்டைக் கொடுத்தாள். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு அவளே கூட்டிப்போனாள். விடுதியில் சூடேற்றும் குழாய் வேலை செய்யாதபோது மேலாளரிடம் சண்டை போட்டாள். இதையெல்லாம் மறைத்துவிட்டுக் கதை சொன்னால் நான் பொய்க்காரி ஆவேன். அவள் என்னிடம் நல்லபடியாகத்தான் நடந்தாள்.

அவள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு, பேச்சுப் பயிற்சியில் உதவ வாரம் இருமுறை வரச் சொன்னாள். சந்தோஷமாகப் போனேன். பத்து மாணவர்கள். பாடநூல் அவள் எழுதியது. அதோடு சேர்ந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் இணையத்தில் இருந்தன. கடவுச்சொல் கிடையாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நவம்பரில் ஒருநாள் அவள் வரவில்லை. முனைவர் பட்ட மாணவி ஒருத்தி வகுப்பெடுத்தாள். "இன்றைக்குப் பதினேழாம் பாடம். எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள்," என்றாள். நானும் மாட்டினேன்.

பேசியது என் அம்மா.

சொற்கள் புரிவதற்கு முன்பே குரல் புரிந்துவிட்டது. இளம் வயதுக் குரல். தெரிந்த பாட்டு ஒன்று எங்கோ ஓடுவதைக் கேட்டதுபோலச் சிரித்துவிட்டேன். பிறகுதான் என்ன சொல்கிறார் என்று காதில் விழுந்தது.

"கதவப் பூட்டிட்டுப் போயிட்டான் என்னக் கட்டுன எடுபட்ட பய. மொளகு மூட்ட கெடக்குற ரூம்பு. ஒரு பகலு, ஒரு ராத்திரி, மறுநாளும் பகலு. குடிக்கத் தண்ணி இல்ல. அம்மா வீட்டுக்குச் சொல்லாமப் போயிட்டு வந்தேனாம், அதுக்கு. மேல தகரம் ஒண்ணு இத்துப்போய்க் கெடந்துச்சு. மூட்ட மேல ஏறி அதப் பேத்துட்டேன். கையெல்லாம் கிழிஞ்சுபோச்சு. ஆடலூருல இருந்து தாண்டிக்குடி வரைக்கும் காப்பித் தோட்டத்துக்குள்ளயே நடந்தேன். ரோட்டுப் பக்கம் வந்தா பாத்துருவான்ல…"

திரையில் கேள்விகள் வந்தன. ஒன்று: இந்தப் பேச்சில் வரும் தென்மாவட்ட வழக்குகளில் ஆறைக் கண்டுபிடிக்கவும். இரண்டு: பேசுபவர் எங்கிருந்து எங்கே போனார்? வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டவும். வரைபடத்தில் ஆடலூர், தாண்டிக்குடி, கொடைக்கானல், பேத்துப்பாறை எல்லாம் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன.

என் அப்பா பேத்துப்பாறைக்காரர். அவருக்கு முன்னால் அம்மா வேறொருவனுக்கு மனைவியாக இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இருபத்திரண்டு வயதில், ஒரு மொழிப் பயிற்சிக் கூடத்தில், பத்து அந்நியர்களோடு சேர்ந்து தெரிந்துகொண்டேன்.

ஒரு பையன், "எடுபட்ட பய" என்று சொல்லிப் பார்த்தான். அவன் உச்சரித்த விதத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பெடுத்தவள் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லிக்காட்டு. நிஜமான உச்சரிப்பு எப்படி என்று கேட்கட்டும்," என்றாள். அந்த மாணவிக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னேன். இன்னொரு முறை கேட்டார்கள். இன்னொரு முறையும் சொன்னேன்.

எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். அம்மாவின் முதல் கல்யாணமும் மாதா கோவிலில்தான் நடந்திருக்க வேண்டும். அதை மறைத்துத்தான் பேத்துப்பாறையில் தன் சித்தி வீட்டில் தங்கி, இரண்டாவதாக அப்பாவைக் கோவிலில் கட்டியிருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரியாது. பங்குச் சாமியாருக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டாம் கல்யாணம் செல்லாது என்றாகிவிடும். அப்பா இறந்த பிறகும் அம்மா ஞாயிறு தவறாமல் முன் வரிசையில் உட்கார்ந்து நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தார். ஆடலூர்க்காரன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

அடுத்த நாள் காலை அவள் அறைக்குப் போனேன்.

"பதினேழாம் பாடத்த எடுத்துருங்க," என்றேன்.

"ஏன் பாப்பா?"

"அது எங்கம்மா."

"ஆமா, அக்காதான். எம்புட்டு அழகாப் பேசிருக்காங்க!"

"எனக்கே தெரியாத விஷயம் அது. ஊருல ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தாள். ஆங்கிலத்தில் ஒரு படிவம். கீழே அம்மாவின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றுகொண்டிருந்தது.

"அக்கா ஒத்துக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

"அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது."

"நான் வெளக்கிச் சொன்னேன். பேரும் போடல பாரு."

"ஊர்ப் பேரு இருக்கு. குரலு இருக்கு. யாரு வேணாலும் போன்ல கேக்கலாம்."

"பேத்துப்பாறையில இருந்து யாரு இந்த வெப்சைட்டுக்கு வரப்போறா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்த மாதிரி ஒரு பதிவு உலகத்துல வேற யாருகிட்டயும் இல்ல. ஆளுங்க மைக்கப் பாத்தா இப்பிடிப் பேச மாட்டாங்க. இத எடுக்க முடியாது பாப்பா. புத்தகமே இத நம்பித்தான் இருக்கு."

என்னைப் பாப்பா என்று கூப்பிடவும் என் அம்மாவிடமிருந்துதான் அவள் கற்றிருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டு அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சில வாரம் கழித்து அவளே ஒரு வேலை சொன்னாள். பாடநூலின் இரண்டாம் பதிப்பு தயாராகிறது. இதுவரை வெளியிடாத பதிவுகளை எழுத்தில் எடுக்க வேண்டும், அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டும். "ஒன்ன விட்டா இதச் செய்ய ஆளு இல்ல," என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவளிடம் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. சரி என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அந்தப் பங்களாவின் அடுப்படியில்தான் இருந்தேன். குக்கர் விசில், பூண்டு உரிக்கும் சரசரப்பு, அம்மாவின் வளையல். ஒரு பதிவில் ஒன்பது வயது நான் ஜெர்மனில் எண்ணிக்கொண்டு ஓடுகிறேன், அம்மா அதட்டுகிறார். பிப்ரவரி மாதத்தில் ஒருநாள், பதினேழாம் பாடத்தின் மூலப் பதிவு கைக்கு வந்தது. பாடநூலில் வெட்டி எடுத்தது அதில் நடுப்பகுதி மட்டும். அதற்கு முன்னால் இது இருந்தது:

"தங்கச்சி, பெட்டிய அமத்திட்டியா?"

"அமத்திட்டேன், அக்கா."

"நெசமா?"

"நெசமாத்தான். இங்க பாருங்க, லைட்டு இல்ல."

அம்மா ஒரு பெருமூச்சு விடுகிறார். கத்தியைக் கீழே வைக்கும் சத்தம். "இத ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. யாருகிட்டயாச்சும் சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சுரும்போல இருக்கு. நீ ஒங்க ஊருக்குப் போயிருவ…" அதன் பிறகுதான் மிளகு மூட்டை, தகரம், காப்பித் தோட்டம் எல்லாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் அவள் அந்தக் காலத்தில் எழுதிய குறிப்பு கோப்பில் இருந்தது. இதற்கான குறிப்பைத் தேடி எடுத்தேன். ஜெர்மனில், பென்சிலில்: 'விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். முதல்முறையாக முழுக்க இயல்பான பேச்சு கிடைத்தது.' பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றேன். கீழே சைக்கிள்கள் பனியில் நனைந்துகொண்டிருந்தன. அவள் அறை இரண்டு கதவு தள்ளித்தான். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கண்ணில் நீர் வர, அழகான தமிழில் மன்னிப்புக் கேட்டிருப்பாள். பதிவை மட்டும் எடுத்திருக்க மாட்டாள். எனக்கு அவள் மன்னிப்பு வேண்டாம். அவள் எதைக் கொண்டு பேர் வாங்கினாளோ, அதிலேயே அவள் பேர் கெட வேண்டும். அந்தக் குறிப்பையும் பதிவையும் என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தேன்.

பெரும்பாலான சொற்களுக்குச் சரியாகத்தான் பொருள் எழுதினேன். நடுநடுவே ஒன்று. 'எடுபட்ட' என்றால் எங்கள் பக்கம் வசவு, செத்துத் தொலைய வேண்டியவன் என்று அர்த்தம். 'பேரெடுத்த, மதிப்புக்குரிய' என்று எழுதினேன். 'கொள்ளையில போறவன்' என்பதும் வசவுதான், கொள்ளைநோயில் போக வேண்டியவன். அதைக் 'கொல்லையில போறவன்' என்று எழுத்தில் எடுத்து, 'தோட்டம் போடுகிறவன், விவசாயி' என்று போட்டேன். 'ஒன் சோலியப் பாத்துட்டுப் போ' என்றால் என்ன என்று எந்தத் தமிழனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு, 'வந்த காரியம் நல்லபடியாக முடியட்டும் என்று பெரியவர்களை வாழ்த்தி வழியனுப்பும் தொடர்' என்று எழுதினேன். இப்படி இன்னும் பல.

அவளுக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது. "எடுபட்டன்னா திட்டுறதுன்னுல்ல நெனச்சேன்? அக்கா புருசனத்தான அப்பிடிச் சொல்றாங்க?"

"கேலியாச் சொல்றாங்க. பெரிய மனுசன்னு நக்கல் பண்ற மாதிரி. நெசத்துல அது மரியாதையான வார்த்தை," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. 'எடுபடுதல்' என்றால் எழுத்துத்தமிழில் மதிப்புப் பெறுதல் என்று பொருள் உண்டே, அதிலிருந்துதான் இது வந்திருக்க வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பை அவளே எழுதினாள். அதில் எனக்குப் பங்கில்லை. நான் ஒரு சொல்தான் கொடுத்தேன்.

ஜூலையில் என் ஆண்டு முடிந்தது. ரயில் நிலையத்துக்கு வந்து வழியனுப்பினாள். ஊர் திரும்பியபின் அம்மாவிடம், "தங்கச்சி நல்லா இருக்காங்க, ஒங்களக் கேட்டாங்க," என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வருடத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. அதைக் கொடைக்கானலிலேயே வெளியிட வேண்டும் என்பது அவள் ஆசை. போன் செய்தாள். "அக்காவ முன்னாடி வரிசையில உக்கார வைக்கணும். நீ கூட்டிட்டு வந்துரு."

ஒரு பள்ளியின் மண்டபம். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது, பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். மேடையில் ஓய்வுபெற்ற சாமியார் ஒருவர், தலைமையாசிரியை ஒருவர், பிளம்ஸ் தோட்டத்தில் பேரெடுத்த பெரியவர் ஒருவர். கீழே ஆசிரியர்கள், ஓட்டல்காரர்கள், மாணவர்கள் என்று நூறு பேருக்கு மேல். அம்மா தன் ஒரே பட்டுப்புடவையைக் கட்டியிருந்தார். அவளும் பட்டுப்புடவைதான், தலையில் கனகாம்பரம் வேறு.

ஒலிபெருக்கி முன் வந்து கைகூப்பினாள். "நான் புத்தகத் தமிழ்ல பேசப்போறதில்ல. இந்த மலைத் தமிழ்லதான் பேசப்போறேன்," என்றாள். கைதட்டல். "மேடையில இருக்குற எடுபட்ட பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்."

தலைமையாசிரியை தன் காதையே நம்பாதவர்போல நிமிர்ந்து பார்த்தார். பின் வரிசையில் மாணவர்கள் குபீரென்று சிரித்தார்கள். தன் தமிழை ரசிக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குரலை இன்னும் உயர்த்தினாள். பிளம்ஸ் பெரியவர் பக்கம் திரும்பி, "நம்ம அய்யா கொள்ளையில போறவரு. அவரு மாதிரி கொள்ளையில போறவங்க நெறையப் பேரு இந்த மலைக்கு வேணும்," என்றாள். அவள் நாக்குக்கு லகரமும் ளகரமும் எப்போதும் ஒன்றுதான். சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நாலைந்து போன்கள் மேலே உயர்ந்து அவளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன.

ஏதோ சரியில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். வேகமாகப் பேசி முடித்தாள். கடைசியாகச் சாமியாரைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டு, மிகுந்த பணிவோடு சொன்னாள்: "ஃபாதர், நீங்க ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்க."

ஆசீர்வதிக்கத் தூக்கிய கையைச் சாமியார் அப்படியே இறக்கிக்கொண்டார். அவள் மேடையிலிருந்து கீழே இருந்த என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. புரிந்துகொண்டாள். அதுவரை எனக்கு வாழ்க்கையில் கிடைத்த சந்தோஷங்களில் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. மறுநாளைக்குள் அவள் பேச்சு பூம்பாறையிலிருந்து பழனி வரை எல்லோர் வாட்ஸ்அப்பிலும் ஓடியது.

அம்மா சிரிக்கவில்லை. பேத்துப்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "நீதான சொல்லிக் குடுத்த?" என்றார்.

"ஆமா."

"அவ என்ன செஞ்சா ஒனக்கு?"

"எனக்குச் செய்யல."

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, "போடு, கேப்போம்," என்றார். போனை மேசைமேல் வைத்து மூலப் பதிவை ஓடவிட்டேன். அம்மா தன் முப்பது வயதுக் குரலைத் தலைகுனிந்து கேட்டார். அழவில்லை. 'அமத்திட்டேன், அக்கா' என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடியும் அந்த இடத்தை மட்டும் போடச் சொன்னார். மூன்று முறை கேட்டார்.

"நெசமான்னு வேற கேட்டிருக்கேன்," என்றார். பிறகு எழுந்து கோழிகளை அடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் டாக்சியில் வந்தாள். கையில் கேக் டப்பா. அம்மா வாசற்படியில் வந்து நின்றார். நகரவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த யாரையும் அம்மா 'வாங்க' என்று கூப்பிடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா…" என்றாள்.

"சொல்லுங்க."

அவள் திடுக்கிட்டாள். "என்னக்கா, சொல்லுங்கன்றீங்க? 'நீ'ன்னுதான கூப்புடுவீங்க?"

"நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க. என்ன சோலியா வந்தீங்க?"

"நேத்து நடந்தது… ஒங்க மக எனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்து…"

"பெட்டிய அமத்தச் சொன்னேன். அமத்துனீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் போனில் அவளுடைய பென்சில் குறிப்பைக் காட்டினேன். முகம் வெளுத்துப்போனது.

"நான் அப்ப ரொம்பச் சின்னப் பொண்ணு அக்கா. இருபத்தஞ்சு வயசு."

"எனக்கு முப்பது. தகரத்தப் பேத்தப்ப பத்தொம்பது," என்றார் அம்மா. "ஒங்கள நம்பித்தான் சொன்னேன். கத்துக்கிட்டு ஊருக்கெல்லாம் பாடம் நடத்திட்டீங்க. நல்லா இருங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் நாங்கள் இருவர்தான். நான் ஜெர்மனில் பேசினேன். அம்மாவுக்குக் கேட்க வேண்டாம் என்பதற்காக இல்லை. அந்த மொழியில் எனக்குக் கோபம் நிதானமாக வரும். புத்தகத்தில் பொய்ச்சொற்கள் நேற்று அவள் பேசியவை மட்டும் இல்லை என்றேன்.

"எத்தனை?"

"சொல்ல மாட்டேன்."

பதினேழாம் பாடமும் அம்மாவின் எல்லாப் பதிவுகளும் இணையத்திலிருந்து போக வேண்டும். மூலங்களும் அழிய வேண்டும். விளக்கின்மேல் டேப் ஒட்டியதைச் சொல்லி, பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு அம்மாவுக்குத் தமிழில் கடிதம் வர வேண்டும். எல்லாம் நடந்த பிறகு பட்டியல் தருவேன். ஒரு மாதம் தாண்டினால் குறிப்பின் படத்தை அவள் துறையில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்புவேன். இவ்வளவையும் நின்றுகொண்டே கேட்டாள். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. கேக் டப்பாவைத் திண்ணையில் வைக்கப் போனாள். "எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் நடந்தது. பதிப்பாளர் இரண்டாம் பதிப்பை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். கடிதம் வந்தது, அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "டேப்பு ஒட்டுனேன்னு எழுதிருக்காளா, அது போதும்," என்று வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். அவள் வகிக்கவிருந்த துறைத்தலைமை வேறொருவருக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று நர்ஸ்களுக்கு வகுப்பை அரை மணி நேரம் முன்னதாக முடித்து, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு உறுத்தல் உண்டு. பதினேழாம் பாடத்தை அன்று நடத்திய பெண் இரண்டாம் பதிப்பை நம்பி மதுரையில் ஒரு வீட்டில் எதையோ சொல்லப்போய், அந்த வீட்டார் முகம் திருப்பிக்கொண்டதாக எனக்கு எழுதினாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு அந்த ஒரு சொல்லின் சரியான பொருளை எழுதி அனுப்பினேன்.

பேராசிரியைக்கும் பட்டியலை அனுப்பினேன். அதை வைத்துத் திருத்திய மூன்றாம் பதிப்பு போன வருடம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை அவளிடமிருந்து மின்னஞ்சல் வரும், மிக மரியாதையாக: இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? எனக்குத் தெரிந்தவரை இல்லை என்று, அதைவிட மரியாதையாகப் பதில் எழுதுவேன்.

சென்ற மாதம் நான் அப்படிப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு எழுதுற? அவளுக்கா?"

"ஆமா."

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"இல்லம்மா. நாலு இருக்கு."

அம்மா ஒரு பீன்ஸை எடுத்து நாரை உரித்தார். "என்னென்ன?" என்று கேட்டார். சொன்னேன். மூன்றாவதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார், முறத்திலிருந்து பீன்ஸ் சிதறியது.

"அது இருக்கட்டும்," என்றார். "அத மட்டும் எப்பவும் சொல்லாத."